கரைக்கம்பில் கட்டாத துணி

ஜன்னல் பக்கம் நீங்களே உட்காருங்கள் தம்பி. எனக்கு வெளியே பார்க்க ஒன்றும் இல்லை. வேதாரண்யத்திலிருந்து நாகப்பட்டினம் வரை எந்த இடத்தில் பள்ளம், எந்த இடத்தில் மேடு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். நீங்களும் நாகப்பட்டினம்தானே? நல்லது. நான் கலெக்டர் ஆபீசுக்குப் போகிறேன். இன்றைக்குத் திங்கட்கிழமை, மனு வாங்குகிற நாள்.

சட்டைப்பையில் பேனா வைத்திருக்கிறீர்கள். அதைப் பார்த்துத்தான் உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். ஒரு காகிதத்தைப் படித்துச் சொல்ல வேண்டும். இப்போது வேண்டாம், பஸ் குலுக்குகிறது. வேளாங்கண்ணி தாண்டட்டும்.

நான் மூன்றாம் வகுப்போடு சரி. வைரக்கண்ணு என்று என் பெயரை எழுதுவேன், அவ்வளவுதான். மனுவை எழுதியது என் வீட்டுக்காரி தில்லைநாயகி. எட்டாவது வரை படித்தவள். சனிக்கிழமை உட்கார்ந்து நான் சொல்லச் சொல்ல எழுதினாள். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. கையெழுத்துப் போடுங்கள் என்று இடத்தைக் காட்டினாள், போட்டேன். கிளம்பும்போது மட்டும், "யாரையாவது விட்டு ஒருதரம் படிக்கச் சொல்லிக் கேட்டுட்டு அப்புறம் குடுங்க" என்றாள். எழுதினதே அவள், சொன்னது நான். இதில் கேட்க என்ன இருக்கிறது? இருந்தாலும் முப்பத்தாறு வருஷத்தில் அவள் வாய்விட்டுக் கேட்டது கொஞ்சம். அதனால்தான் உங்களைத் தொந்தரவு செய்கிறேன்.

மனு என் மச்சான் சித்திரவேலு மேல். தில்லைநாயகியோடு கூடப் பிறந்த தம்பி. என் தங்கை வேதவல்லியை அவனுக்குக் கொடுத்தோம், அவன் அக்காவை நான் கட்டினேன். ஒரே பந்தலில் இரண்டு கல்யாணம், ஒரே சமையல். அப்படியென்றால் தம்பி மேல் அக்காவே மனு எழுதினாளா என்று பார்க்கிறீர்கள். ஆமாம், எழுதினாள். கட்டிக்கொண்டு வந்த பிறகு அவள் என் பக்கம்தானே.

அவன் செய்ததைக் கேளுங்கள். கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

எங்களுக்கு இறால் குட்டை. வாய்க்கால் ஒன்று, அதன் இரண்டு கரையிலும் பதினோரு பேருக்குக் குட்டை. எனக்கு ஒன்று. எனக்குக் கீழே அடுத்தது சித்திரவேலு, அவனுக்குச் சின்னக் குட்டை ஒன்று, பெரிய குட்டை ஒன்று. எல்லோரும் அதே வாய்க்காலில்தான் மோட்டார் போட்டுத் தண்ணீர் எடுப்போம், அதே வாய்க்காலில்தான் கழிவுத் தண்ணீரை விடுவோம். அதனால் எங்களுக்குள்ளே ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒருவன் குட்டையில் இறாலுக்கு வைரஸ் வந்துவிட்டால், அவன் தன் கரையில் நட்ட கம்பில் சிவப்புத் துணி கட்ட வேண்டும். துணியைப் பார்த்ததும் மற்றவர்கள் மோட்டாரை நிறுத்திவிடுவார்கள். பதினைந்து நாள் யாரும் வாய்க்கால் தண்ணீரைத் தொட மாட்டார்கள். உங்களுக்கெல்லாம் வைரஸ் என்ற பேச்சு கொரோனாவோடு வந்தது. எங்களுக்கு அது இருபத்தைந்து வருஷப் பழக்கம். இறால் ஓட்டில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழும். நாலாம் நாள் குட்டை காலி. ஊரடங்கு, தனிமை, ஆறடி தூரம் எல்லாம் நாங்கள் இறாலுக்குச் செய்து பார்த்தவர்கள்தான்.

போன வருஷம் ஊரடங்கு போட்டபோது என் குட்டையில் எண்பது நாள் இறால். கிலோவுக்கு அறுபது இறால் நிற்கும். இன்னும் ஒரு மாதம் போனால் முப்பதுக்கு வந்துவிடும், பெரிய இறால், நல்ல இறால். அன்றைக்குச் சாயங்காலமே எல்லாம் நின்றுவிட்டது. லாரி இல்லை, ஐஸ் இல்லை, கம்பெனியில் இறால் தலை கிள்ள ஆள் இல்லை, தீவனக் கடைக்குப் பூட்டு. பதினோரு பேரும் கரையில் நின்று குட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இறாலுக்கு ஊரடங்கு தெரியுமா, அதற்கு வேளாவேளைக்குப் பசிக்கும்.

பிறகு சர்க்கார், இறாலும் சாப்பாட்டுப் பொருள்தான், பிடிக்கலாம், ஏற்றலாம், தீவன வண்டியையும் விடலாம் என்று தளர்வு கொடுத்தது. ஆனால் வண்டிக்குப் பாஸ் வேண்டும். எங்கள் சங்கத்துக்கு சித்திரவேலு செயலாளர். அவனை யார் ஆக்கினார்கள் என்கிறீர்கள்? நான் கையைத் தூக்கவில்லை. அவனிடம் பெரிய போன் இருக்கிறது, அதனால் ஆக்கிவிட்டார்கள். அவன் மோட்டார் சைக்கிளில் நாகப்பட்டினம் போய், போலீசிடம் இரண்டு இடத்தில் திட்டு வாங்கி, ஆபீஸ் வாசலில் இரண்டு நாள் நின்று, ஒரு லாரிக்குப் பாஸ் வாங்கி வந்தான். அதை நான் இல்லை என்று சொல்லவில்லை.

வந்தவன் நேரே என் வீட்டுக்கு வந்தான். வந்து என்ன செய்தான்? வாசல் படலுக்கு வெளியே நின்றான். மூக்கு வாயெல்லாம் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றான். அவன் அக்கா சொம்பில் தண்ணீர் கொண்டுபோய் நீட்டினாள். வேண்டாம் என்று பின்னாலே நகர்ந்தான். "கீழ வச்சிடுக்கா, கிட்ட வராத" என்றான். என் வீட்டில், கட்டிக் கொடுத்த அக்கா கையால் தண்ணீர் வாங்க மாட்டேன் என்கிறான். முப்பத்தாறு வருஷம் என் வீட்டில் சாப்பிட்ட கை. நாகப்பட்டினத்தில் நாலு பேரோடு நின்றுவிட்டு வந்தேன், உனக்கு ஒட்டிவிடும் என்றானாம். எனக்கு ஒட்டாது என்று நான் சொல்கிறேனே, அப்புறம் என்ன?

படலுக்கு வெளியே நின்றபடியே கேட்டான். "மச்சான், லாரி நாளைக்கு வருது. முதல்ல உன் குட்டையப் பிடிச்சிடுவோம். இதுக்கு மேல வச்சிருந்தா தாங்காது."

கேட்கிற முறையைப் பாருங்கள். ஊசி போட வந்தவன் மாதிரி தெருவில் நின்றுகொண்டு. உள்ளே வந்து, உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுக் கேட்டிருந்தால் நான் யோசித்திருப்பேன். "அறுபதுல பிடிக்க நான் என்ன பைத்தியக்காரனா, உன் குட்டையப் பிடிச்சிக்க" என்று சொல்லிவிட்டேன்.

அவன் என்ன செய்திருக்க வேண்டும்? மறுபடி கேட்டிருக்க வேண்டும். மச்சான் என்றால் மூன்று தடவை கேட்க வேண்டும். அவன் கிளம்பும்போது இன்னொருதரம் கேட்டான், இரண்டு தடவையோடு நிறுத்திவிட்டான். மறுநாள் லாரி வந்தது, என் வாசலைத் தாண்டி அவன் கரைக்குப் போனது. சின்னக் குட்டையைப் பிடித்து ஏற்றினான். மற்றவர்களுக்கும் ஆளுக்குக் கொஞ்சம் ஏற்றினான். பெரிய குட்டையை மட்டும் விட்டு வைத்தான், அது பிந்தி விட்ட குஞ்சு, ஐம்பது நாள்கூட ஆகவில்லை. நான் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். லாரி போகும்போது டிரைவர் எனக்குக் கையாட்டினான். அன்றைக்கு என் நெஞ்சில் விழுந்தது தம்பி. இவனைச் சும்மா விடக்கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். அதற்குப் பிறகு அந்த லாரி எங்கள் ஊர் பக்கம் வரவில்லை. டிரைவருக்குக் கொரோனா என்றார்கள்.

தீவனம் கேட்கிறீர்களா? தீவன வண்டியை விட்ட பிறகு அவன் நாலு மூட்டை கொண்டுவந்தான். கொண்டுவந்து எங்கே வைத்தான்? படலுக்கு வெளியே. வைத்துவிட்டுக் குரல் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். பிச்சைக்காரனுக்கு வைப்பது மாதிரி. நான் தொடவில்லை. தில்லைநாயகி தூக்கப் போனாள், கையை வெட்டிவிடுவேன் என்றேன். இரண்டு நாள் கழித்துக் கோடை மழை பெய்தது. நாலு மூட்டையும் கட்டிதட்டிப் புழு வைத்துப்போனது.

அதற்காக என் இறாலைப் பட்டினி போடுவேனா? எனக்குப் பழைய தொழில் தெரியும். டைகர் இறால் வளர்த்த காலத்தில் மூட்டைத் தீவனத்தையா நம்பினோம்? வாய்க்காலில் நண்டு பிடித்தேன். ஓட்டோடு நசுக்கிக் குட்டையில் போட்டேன். இறால் எப்படித் தின்றது தெரியுமா, தீவனத் தட்டைத் தூக்கினால் ஒரு துணுக்கு மிச்சமில்லை. வேதவல்லி அவர்கள் கரையில் நின்று கத்தினாள். "அண்ணே, நண்டு போடாதீங்களாம். நண்டுல வைரஸ் இருக்குமாம். மீன்துறை ஆபீசர் போன்ல சொல்லி அனுப்பியிருக்காரு, இவுக எல்லாருக்கும் சொல்லச் சொன்னாக." நான் இறால் வளர்க்க ஆரம்பித்தபோது அந்த ஆபீசருக்குப் பல் முளைத்திருக்காது. இன்னும் இரண்டு கூடை சேர்த்துப் போட்டேன்.

பன்னிரண்டாம் நாள் காலையில் இறால் கரையோரம் வந்து மிதந்தது. ஒன்றை எடுத்து ஓட்டை உரித்து வெயிலில் பிடித்தேன். புள்ளி.

எதனால் வந்தது என்றா கேட்கிறீர்கள்? எதனாலோ வந்தது. காற்றில் வந்திருக்கும். காக்கா கொண்டுவந்திருக்கும். அன்றைக்கு லாரியில் ஏற்றியிருந்தால் வந்திருக்குமா? அதைக் கேளுங்கள். அவன் மூன்றாவது தடவை கேட்டிருந்தால் வந்திருக்குமா?

மருந்து அடிக்கலாம் என்றால் பிளீச்சிங் பவுடர் இல்லை. ஊரில் இருந்த பிளீச்சிங் பவுடரையெல்லாம் தெருவில் கோலம் போட்டு முடித்துவிட்டார்கள். கொரோனாவுக்காம். செம்மண் ரோடு வெள்ளையாகக் கிடக்கிறது, என் குட்டைக்கு ஒரு பிடி இல்லை.

தில்லைநாயகி உள்ளே போய் ஒரு சிவப்புத் துணியைக் கிழித்து எடுத்துக்கொண்டு வந்தாள். அவளுடைய பழைய புடவை. "கம்புல கட்டிட்டு வந்துடுங்க" என்று என் கையில் கொடுத்தாள். வாங்கி மடியில் செருகிக்கொண்டேன். கரைக்குப் போனேன். கம்பு நிற்கிறது. அந்தப் பக்கம் சித்திரவேலுவின் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்கிறது. பெரிய குட்டைக்குத் தண்ணீர் ஏற்றுகிறான். வெயில் காலம், தண்ணீர் வற்றும், ஏற்றித்தான் ஆகவேண்டும்.

நான் கட்டவில்லை.

மடியில் துணி இருந்தது. கம்பு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நான் கட்டவில்லை. மதகைத் திறந்துவிட்டேன். என் குட்டைத் தண்ணீர் வாய்க்காலில் இறங்கியது. போ, என்றேன். போய் அவன் வாசலில் நின்று கேள், என்றேன். எத்தனை தடவை கேட்கிறாய் என்று பார்ப்போம்.

முகத்தைத் திருப்பாதீர்கள் தம்பி. ஒரு மனுஷனிடம் படலுக்கு வெளியே நின்று பேசினால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரிய வேண்டாமா?

ஆறாம் நாள் அவன் பெரிய குட்டை மேல் காக்கா சுற்றியது. வேலையைப் போட்டுவிட்டு நின்று பார்த்தேன். கண் குளிர்ந்தது. ஆனால் அவன் என்ன செய்தான் தெரியுமா? முதல் இறாலைக் கையில் எடுத்துப் பார்த்தான், அரை மணி நேரம்கூட ஆகவில்லை, வேதவல்லி ஓடிவந்து அவர்கள் கம்பில் சிவப்புத் துணி கட்டினாள். கீழே ஒன்பது பேரும் மோட்டாரை நிறுத்திவிட்டார்கள். ஒருவன் குட்டைக்கும் ஒன்றும் ஆகவில்லை. என்னை அவமானப்படுத்தத்தான் அத்தனை அவசரமாகக் கட்டினார்கள்.

கட்டிவிட்டு வேதவல்லி என் கம்பைப் பார்த்தாள். வெறும் கம்பு. பிறகு என்னைப் பார்த்தாள். முந்தானையைச் செருகிக்கொண்டு திரும்பி நடந்தாள். சின்ன வயதிலும் அப்படித்தான், அடித்தால் அழ மாட்டாள்.

சித்திரவேலு வந்தான். ஆறடி தள்ளித்தான் நின்றான். அவன் சண்டைக்கு வருவான், நாலு வார்த்தை கேட்பான், நானும் கேட்டுவிடலாம் என்று மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றேன். மூன்று வாரமாக அதற்குத்தான் பேச்சைத் தயார் செய்து வைத்திருந்தேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"துணி கட்ட மறந்துட்டியா மச்சான்?" என்றான்.

அவ்வளவுதான். திரும்பிப் போய்விட்டான்.

நான் மறந்தேனா? கேட்கிறேன் உங்களை. மடியில் துணியை வைத்துக்கொண்டு ஒருவன் மறப்பானா?

அதோடு விட்டானா? சங்கக் கூட்டம் கரையில் ஆளுக்கு ஆள் தள்ளி நின்று நடந்தது. துணி கட்டாதவனை ஒரு வருஷம் வாய்க்காலில் தண்ணீர் எடுக்க விடக்கூடாது, அது எங்கள் கட்டுப்பாடு. எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன், கேட்கட்டும், சொல்லிவிடலாம் என்று. அவன் முந்திக்கொண்டான். "வயசாயிடுச்சு, கொரோனா பயத்துல மறந்துட்டாரு, விடுங்கப்பா" என்றான். விட்டுவிட்டார்கள். ஒருவன் என் பக்கம் திரும்பி, "தலைவரே, வெண்டைக்காய் சாப்பிடுங்க" என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

அன்றிலிருந்து ஊருக்குள் நான் மறதிக்காரன். டீக்கடையில் உட்கார்ந்தால், குடித்துவிட்டீர்களா இன்னும் இல்லையா, ஞாபகம் இருக்கிறதா என்கிறான் கடைக்காரன். நான் அவனைப் பழிவாங்கினேன் தம்பி. கணக்காகப் பழிவாங்கினேன். அது ஒருவனுக்கும் தெரியாது. பழி வாங்கினவனுக்கு இதைவிடக் கேவலம் உண்டா?

அதற்குத்தான் இந்த மனு. கொரோனாவில் குட்டை அழிந்தவர்களுக்கு மறுபடி குஞ்சு விட சர்க்கார் உதவி செய்கிறது. ஆபீஸ் பலகையில் பட்டியல் ஒட்டியிருக்கிறார்கள். சித்திரவேலு பெயர் இருக்கிறது. என் பெயர் இல்லை. ஏன் இல்லை? குட்டைப் பட்டாவும் ஆதாரும் நகல் கொடு என்று அவன் ஆள் அனுப்பிக் கேட்டான், நான் கொடுக்கவில்லை. அவனே வந்து கேட்க வேண்டியதுதானே? ஆட்சேபணை இருந்தால் இந்தத் திங்கட்கிழமைக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று போட்டிருக்கிறார்கள். கொடுக்கப் போகிறேன். இவன் குட்டை அழிந்தது கொரோனாவில் இல்லை, இவன் பொய் சொல்கிறான், இவன் பெயரை அடியுங்கள் என்று எழுதச் சொன்னேன்.

அந்த உதவி வராவிட்டால் அவனால் குட்டையை வைத்துக்கொள்ள முடியாது. ஒரு வருஷமாக வெறும் சேறாகத்தான் கிடக்கிறது. திருப்பூருக்குப் போய்ப் பனியன் கம்பெனியில் வாட்ச்மேனாக நிற்க வேண்டியதுதான். வேதவல்லியும் கூடப் போவாள். போகட்டும். இப்போதுகூட மத்தியானம் ஆனால் அவளும் தில்லைநாயகியும் மதகு மேல் உட்கார்ந்து பேசுகிறார்கள், நான் பார்க்கவில்லை என்று நினைப்பு. அது நின்றுபோகும். வீடு கொஞ்சம் சத்தமில்லாமல் கிடக்கும், கிடக்கட்டும்.

வேளாங்கண்ணி தாண்டிவிட்டது. இந்தாருங்கள் காகிதம். இங்கிருந்து படியுங்கள், மாண்புமிகு என்பதையெல்லாம் விடுங்கள்.

என்ன தம்பி நிறுத்திவிட்டீர்கள்? கையெழுத்துப் புரியவில்லையா? அவள் கையெழுத்து உருண்டை உருண்டையாக நன்றாக இருக்குமே. வாய்விட்டுப் படியுங்கள், எனக்குக் காது கேட்கும்.

இன்னொருதரம்.

'என் மைத்துனர் சித்திரவேலுவின் பெரிய குட்டை அழிந்ததற்கு நான்தான் காரணம்.' அப்படியா எழுதியிருக்கிறாள்? மேலே படியுங்கள். நிறுத்தாதீர்கள்.

'என் குட்டையில் நோய் வந்தபோது கம்பில் சிவப்புத் துணி கட்ட நான் மறந்துவிட்டேன்.'

மறந்துவிட்டேன் என்றா இருக்கிறது? நன்றாகப் பார்த்துச் சொல்லுங்கள். மறந்துவிட்டேன்.

பிறகு? 'அவர் உடனே துணி கட்டியதால் மற்ற ஒன்பது பேர் குட்டை பிழைத்தது. ஆகவே பட்டியலில் அவர் பெயரை எடுத்துவிடாமல் குஞ்சு விட உதவி செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன். எனக்கு உதவி வேண்டாம்.' அவ்வளவுதானா? கீழே என் கையெழுத்து. ஆமாம், அது நான் போட்டதுதான். வை-யில் கொம்பு கோணலாக இருக்கும்.

என்னைப் பேச விடுங்கள் கொஞ்சம்.

அவள் கையால்தான் துணியைக் கொடுத்தாள். சாயங்காலம் வேட்டியைத் துவைக்க எடுத்தவளும் அவள்தான். மடியிலிருந்து அந்தத் துணி விழுந்திருக்கும். எடுத்து மடித்து வைத்திருப்பாள். ஒரு வருஷமாக வைத்திருப்பாள். அவளுக்குத் தெரியும் தம்பி, நான் மறக்கவில்லை என்று. தெரிந்துகொண்டு மறந்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறாள். அவனும் அப்படித்தான் சொன்னான். அக்காவும் தம்பியும் சேர்ந்து என்னை ஊருக்கு மறதிக்காரன் ஆக்கிவிட்டு, இப்போது கலெக்டருக்கும் மறதிக்காரன் ஆக்கப் பார்க்கிறார்கள்.

பரவைச் சந்தை வந்துவிட்டது. இன்னும் பத்து நிமிஷம். இல்லை, கிழிக்க வேண்டாம், கொடுங்கள் இப்படி. ஏன் கிழிப்பது? திரும்பிப் போக நான் வரவில்லை.

அந்தப் பேனாவை எடுங்கள். மறந்துவிட்டேன் என்கிற இடம் எது, விரலை வைத்துக் காட்டுங்கள். இதுவா? இதை அடியுங்கள். நன்றாக, தெரியாதபடி அடியுங்கள். அதற்கு மேலே எழுதுங்கள். துணி மடியில் இருந்தது. தெரிந்தே கட்டவில்லை. அப்படியே எழுதுங்கள், ஒரு எழுத்துக் குறையக்கூடாது. எழுதிவிட்டீர்களா? படித்துக் காட்டுங்கள்.

சரி.

மற்றதா? அவன் பெயரை எடுக்க வேண்டாம் என்பதா? அது எங்கேயோ கீழே இருக்கிறது, அதை அடித்தால் காகிதம் அசிங்கமாகிவிடும். வாங்க மாட்டார்கள். அது கிடக்கட்டும். இந்த ஒரு வரி சரியாக இருந்தால் போதும். கலெக்டர் படிப்பார், சங்கத்துக்குத் தாள் வரும், செயலாளர் அவன்தானே, அவனே எல்லோருக்கும் நடுவில் நின்று வாய்விட்டுப் படிக்கட்டும்.

மடித்துக் கொடுங்கள். கையெழுத்து மேல் மடிப்பு விழ வேண்டாம். மறதிக்காரன் போட்ட கையெழுத்து இல்லை அது.